பயன் என்னும் தராசு

நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் சொற்பொழிவு ஒன்று உண்டு. தொழுகை மிகச் சிறந்த உடற்பயிற்சி. ஒளு தோல் நோயைத் தடுக்கும். நோன்பு இரைப்பைக்கு ஓய்வளிக்கும். ஸஜ்தா மூளைக்குக் குருதியோட்டத்தைப் பெருக்கும் என்று அது நீண்டுகொண்டே போகும். ஒவ்வோர் இபாதத்துக்கும் ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கி மாட்டுவதே மார்க்கத் தொண்டு என்று நம்மவருள் பலர் கருதிவிட்டனர். கேட்போரும் மகிழ்ந்து தலையசைக்கின்றனர்.

அத்தகைய சொற்பொழிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் மிக்க பணிவோடு ஒரு வினாத் தொடுத்தார்: “ஹஜ்ரத், நான் நாள்தோறும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். மன அமைதிக்கு மூச்சுப் பயிற்சி செய்கிறேன். மருத்துவர் சொன்னபடி வாரத்தில் இரண்டு நாள் உணவைக் குறைத்துக்கொள்கிறேன். தொழுகையாலும் நோன்பாலும் கிடைக்கும் என்று அவர்கள் சொன்ன பயன் எல்லாம் எனக்குக் கிடைத்துவிட்டது. இனி நான் ஏன் தொழ வேண்டும்?”

அவரைக் கடிந்துகொள்ள எனக்கு நா எழவில்லை. அவர் கையிலிருந்த தராசு அவர் செய்ததன்று, நாம் கொடுத்தது. நாம் கொடுத்த தராசில் நாம் வைத்த சரக்கையே நிறுத்துப் பார்த்து, கணக்குத் தவறாமல் விலை சொன்னார். குற்றம் மாணவர் மீதா, மேடை மீதா என்பதை நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளை அதன் பயனைக் கொண்டே அளப்பது இன்று உலகெங்கும் பரவிவிட்ட சிந்தனைப் பழக்கம். மனத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு, பெயரும் உண்டு. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ‘ஃபங்ஷனலிசம்’ என்னும் செயற்பாட்டுக் கொள்கையே அது. நம் பேச்சாளர் பலர் அதன் பெயரைக் கூடக் கேட்டறியார். கேட்டறியாமலே அதன் மாணவராய் இருக்கின்றனர். ஆகவே அந்தக் கொள்கை யாது, அதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று ஆராய்வது நம் கடமையாகிறது.

இரண்டு கேள்விகள்

1879ஆம் ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். அதுகாறும் தத்துவ அறிஞர்களின் தனியுடைமையாக இருந்த மனம், அன்று முதல் சோதனைக்கூடத்தின் பொருளாகவும் ஆயிற்று. வுண்டிடம் பயின்று 1892இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற டிச்னர் என்னும் ஆங்கிலேயர், ஆசிரியரின் முறையை மேலும் இறுக்கினார். வேதியியலார் நீரைப் பிரித்து அதன் மூலகங்களைக் காட்டுவதைப் போல, நனவைப் பிரித்து அதன் மூலகங்களைக் காட்ட வேண்டும் என்பது அவர் துணிபு. பழக்கப்பட்ட நோக்கர்களை அமர்த்தித் தம் உள்ளத்தைத் தாமே கூர்ந்து நோக்கச் செய்தார். அவர்கள் ஓர் ஆப்பிளைக் கண்டு ‘ஆப்பிள்’ என்று சொல்லிவிட்டால் அது பிழை. இன்ன நிறம், இன்ன ஒளி, இன்ன வடிவம் என்றே சொல்ல வேண்டும். இவ்வாறு எண்ணி எண்ணி 44,000க்கும் மேற்பட்ட அடிப்படைப் புலனுணர்வுகள் உண்டு என்று கணக்கிட்டார் அவர்.

44,000 துண்டுகளாக உடைத்தாயிற்று. மனிதன் ஏன் அஞ்சுகிறான், ஏன் நினைவில் வைத்துக்கொள்கிறான், ஏன் மனம் மாறுகிறான் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை உண்டா? இல்லை. கடிகாரத்தைக் கழற்றிச் சக்கரங்களை வரிசையாக அடுக்கிக் காட்டுபவரிடம், ‘ஐயா, இது எதற்காக?’ என்று கேட்க ஒருவர் வேண்டும் அல்லவா?

அவ்வாறு கேட்டவர் ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஜேம்ஸ் (1842–1910). மருத்துவம் பயின்றவர், தத்துவத்தில் திளைத்தவர். 1878இல் பதிப்பாளருக்கு வாக்களித்த நூலைப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதி, 1890இல் ‘உளவியலின் கோட்பாடுகள்’ என இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். நனவு துண்டுகளின் குவியலன்று, இடையறாது ஓடும் ஓட்டம் என்றார் அவர். அது ஒவ்வொருவருக்கும் தனித்து உரியது, மாறிக்கொண்டே இருப்பது, தனக்கு வெளியேயுள்ள பொருள்களை நோக்குவது, எல்லாவற்றுக்கும் மேலாக, தேர்ந்தெடுப்பது. ஆயிரம் ஒலிகளிடையே தாயின் காது தன் குழந்தையின் அழுகையை மட்டும் பொறுக்கி எடுப்பதை எண்ணினால் இது விளங்கும். தேர்ந்தெடுக்கும் ஆற்றல் ஏதோ ஒன்றுக்காகத்தான் இருக்க வேண்டும். 1859இல் டார்வின் வெளியிட்ட நூலுக்குப் பின், ‘வாழ்க்கைப் போராட்டத்தில் இது எதற்கு உதவுகிறது?’ என்று உயிரின் ஒவ்வோர் உறுப்பையும் கேட்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. அந்தக் கேள்வியையே நனவின் மீதும் தொடுத்தார் ஜேம்ஸ்.

1894இல் சிகாகோப் பல்கலைக்கழகத்துக்கு வந்த ஜான் டூயி, 1896இல் எழுதிய ஒரு கட்டுரையால் இந்தச் சிந்தனைக்கு உருக்கொடுத்தார். குழந்தை மெழுகுவத்திச் சுடரைக் காண்கிறது, கை நீட்டுகிறது, சுட்டுக்கொள்கிறது, கையை இழுத்துக்கொள்கிறது. இதனைத் தூண்டல் என்றும் துலங்கல் என்றும் தனித்தனித் துண்டுகளாக்கி ஒட்டவைத்தனர் அக்கால அறிஞர். டூயி மறுத்தார். குழந்தையின் பார்வையே கை நீட்டுவதற்கான பார்வை. சுட்ட பிறகு அதே சுடர் அதே சுடராக இல்லை. ‘சுடும் ஒளி’ ஆகிவிட்டது. செயல் முழுவதும் ஒரே வட்டம். அதை வெட்டினால் பொருள் செத்துப்போகும் என்றார். அதே 1896இல் அவர் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கி, செய்து கற்கும் முறையைக் குழந்தைகளிடம் நடத்தியும் காட்டினார்.

இந்தக் கொள்கைக்குப் பெயரிட்டவர் அதன் நண்பரல்லர், எதிரி. 1898இல் டிச்னர் எழுதிய கட்டுரையிலேதான் ‘அமைப்பு உளவியல்’, ‘செயற்பாட்டு உளவியல்’ என்னும் பிரிவினை தெளிவாக வரையப்பெற்றது. உடற்கூறு அறியாதவன் உடலியக்கம் அறிவது எங்ஙனம்? ‘என்ன’ என்பதை முடித்துக்கொண்டல்லவா ‘எதற்கு’ என்று கேட்க வேண்டும்? அவசரப்பட்டு ‘எதற்கு’ என்று கேட்டால் அறிவியல் நோக்கக் காரணங்களில் வழுக்கி விழும் என்று அவர் எச்சரித்தார். சிகாகோவைச் சேர்ந்த ஆஞ்சல் 1906இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில் இதற்கு விடை கூறினார். நனவின் உள்ளடக்கத்தை விட அதன் இயக்கத்தை ஆராய்வது, உயிருக்கும் சூழலுக்கும் இடையே நனவு ஆற்றும் தொண்டை ஆராய்வது, மனத்தையும் உடலையும் பிரிக்காமல் ஒன்றாக நோக்குவது ஆகிய மூன்றும் செயற்பாட்டு உளவியலின் எல்லைகள் என வகுத்தார். அவருக்குப் பின் ஹார்வி கார் 1925இல் எழுதிய பாடநூல், ஒரு தேவை, ஒரு சூழ்நிலை, அத்தேவையை நிறைவு செய்யும் ஒரு செயல் என்னும் பொருத்தப்பாட்டுச் செயலே உளவியலின் அலகு என்று கற்பித்தது.

நம்மவரின் இரு பிழைகள்

இதைக் கேட்டதும் நம்மவர் இரு கட்சியாகப் பிரிவர்.

முதற் கட்சியினர், ‘மேனாட்டு மனவியல் நமக்கெதற்கு? டார்வினின் மரத்தில் காய்த்த கனி, தொடவேண்டாம்’ என்பர். இவர்களுக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வே மறுப்பு. பக்தாதின் நிஜாமிய்யாவில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, ஓய்வு நேரங்களில் ஏறத்தாழ ஈராண்டு தத்துவ நூல்களைத் தாமே பயின்றார்கள் அவர்கள். மேலும் ஓராண்டு அவற்றை மனத்தில் அசைபோட்டார்கள். தத்துவ அறிஞர்களை மறுக்க ‘தஹாபுதுல் ஃபலாஸிஃபா’வை எழுதியவர்களே, அவர்தம் கொள்கையை உள்ளபடி விளக்க ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்று தனி நூலும் யாத்தார்கள். அந்த விளக்கம் எவ்வளவு நேர்மையானது எனில், அதன் லத்தீன் பெயர்ப்பை மட்டும் படித்த ஐரோப்பியர் இமாமவர்களையும் அத்தத்துவ அறிஞருள் ஒருவராகவே நெடுங்காலம் எண்ணியிருந்தனர்! எதிரியின் வழக்கை எதிரியே வியக்கும்படி எடுத்துரைக்க வல்லவரே அதை மறுக்கத் தகுதியுடையவர். படியாமல் மறுப்பது மார்க்கப் பற்றன்று; சோம்பல்.

இரண்டாங் கட்சியினரின் பிழை இனிமையானது, ஆகவே கொடியது. ‘இதெல்லாம் நம் இமாம்கள் அன்றே சொன்னவை’ என்பது அவர்களின் முழக்கம். சான்றும் காட்டுவர். இப்னு ஸீனா (980–1037), ஓநாயைக் கண்ட ஆடு ஏன் ஓடுகிறது என்று கேட்டார். ஓநாயின் நிறத்தையும் வடிவத்தையும் கண் காண்கிறது. அதன் பகைமையைக் கண் காண்பதில்லை. அதை உணர்வதற்கு ‘வஹ்ம்’ என்னும் தனியாற்றல் உண்டு என்றார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீ’னின் கல்பைப் பற்றிய பகுதியில் மனிதனை ஒரு நகரமாக உருவகித்து, உறுப்புகளையும் ஆற்றல்களையும் அதன் பணியாளராக வகுத்தார்கள். இச்சை நகருக்கு உணவு கொணரும் ஏவலன்; சினம் காவல் தலைவன்; அறிவு அமைச்சன். ஒவ்வொன்றும் எதற்காகப் படைக்கப்பட்டது என்னும் வினாவே அங்கும் நடத்துகிறது.

உண்மைதான். வினா ஒன்று. ஆனால் விடை ஒன்றா? இப்னு ஸீனாவின் ஆட்டுக்கு அந்த ஆற்றல் அதன் இயல்பிலேயே அமைந்த ஒன்று. ஆஞ்சலின் ஆட்டுக்கோ அது தலைமுறை தலைமுறையாகச் சூழலோடு பொருதித் திரண்டது. ஜேம்ஸ் நரம்பு மண்டலத்தின் நெகிழ்ச்சியைக் கொண்டு பழக்கத்தை விளக்கினார். டூயி பள்ளி வைத்துச் சோதித்தார். அந்த உழைப்பை நம் முன்னோர் கணக்கில் எழுதிக்கொள்வது முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று. பாட்டன் வயல் வைத்திருந்தான் என்பதற்காகப் பேரன் அண்டை வயலின் விளைச்சலைத் தன்னுடையது என்று சொல்லலாகுமா? உழுதவனுக்கு உரியதை உழுதவனுக்கே கொடுப்போம். மனத்தைச் செத்த துண்டுகளாக அன்றி உயிருள்ள செயலாக நோக்கியது செயற்பாட்டுக் கொள்கையின் பெருந்தொண்டு. பொருள் அறியாமல் பாடத்தை விழுங்கச் செய்யும் நம் வகுப்பறைகள் அதனிடம் கற்க வேண்டியது இன்னமும் மிகுதி.

தராசின் பழுது

இனி, பழுதுக்கு வருவோம்.

1913இல் ரக்மிக் என்னும் ஆராய்ச்சியாளர் அக்கால ஆங்கில உளவியல் பாடநூல்களில் ‘ஃபங்ஷன்’ என்னும் சொல் ஆளப்பட்ட இடங்களைத் தேடித் தொகுத்தார். ஒரே சொல்லை இரு பொருளில் புழங்கியிருந்தனர். ஓரிடத்தில் அதன் பொருள் செயல், மற்றோரிடத்தில் பயன். செரித்தல் இரைப்பையின் செயல். உடல் வளர்வது அதன் பயன். மதரஸாவில் மன்திக் பயின்றவர்க்கு இது புதிதன்று. ஃபிஃல் வேறு, மன்ஃபஅத் வேறு, காயத் வேறு. செயலும் பயனும் இலக்கும் மூன்றும் வேறு வேறு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வாதிடுவது முதற்பாடத்திலேயே தள்ளப்பட்ட பிழை.

செயற்பாட்டுக் கொள்கை செயலிலிருந்து பயனுக்கு வந்தது. பயனிலிருந்து இலக்குக்குப் போகவில்லை. நனவு எதற்கு? சூழலோடு பொருந்துவதற்கு. பொருந்துவது எதற்கு? உயிர் வாழ்வதற்கு. உயிர் வாழ்வது எதற்கு? இங்கே ஆஞ்சலும் காரும் வாய் திறவார். அது எங்கள் துறையன்று என்பர். துறையன்று என்பது தவறன்று. எல்லையை ஒப்புக்கொள்வது அறிவுடைமையே. ஆனால் ‘எதற்கு, எதற்கு’ என்று கேட்டுக்கொண்டே வந்து இறுதிக் கேள்வியில் நின்றுவிட்ட ஒரு கல்வி, யார் வந்து அந்த இடத்தை நிரப்பினாலும் தடுக்க வகையற்றுப் போகிறது.

அவ்வாறே நடந்தது. சிகாகோவில் ஆஞ்சலிடம் பயின்று 1903இல் பட்டம் பெற்ற ஜான் வாட்சன், 1913இல் ஒரு பிரகடனம் வெளியிட்டார். நனவை உளவியலிலிருந்தே நீக்கிவிட வேண்டும். புறத்தே தெரியும் நடத்தையை முன்னறிந்து கட்டுப்படுத்துவதே உளவியலின் இலக்கு என்றார். பயனே அளவுகோல் எனில், காண முடியாத நனவை ஏன் கட்டி அழ வேண்டும் என்பது அவர் வாதத்தின் உட்கிடக்கை. 1920இல் பல்கலைக்கழகத்தை விட்டு விலகிய அவர், நியூயார்க்கில் ஒரு பெரிய விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து உயர்ந்தார். நனவு எதற்கு என்று கேட்கத் தொடங்கிய மரபின் ஒரு கிளை, நனவைக் கைவிட்டு, பண்டம் வாங்கச் செய்யும் கலையில் போய் முடிந்தது!

முதல் உலகப் போரின்போது, 1917இலும் 1918இலும், அமெரிக்கப் படையில் சேர்ந்த சுமார் 17 லட்சம் பேருக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினர். யாரை எந்தப் பணிக்குப் பயன்படுத்தலாம் என்பதே நோக்கம். பின்னர் 1923இல் பிரிகம் என்பவர் அந்தப் புள்ளிகளைக் கொண்டு இன்ன இனத்தார் மேலோர், இன்ன இனத்தார் கீழோர் என்று நூல் எழுதினார். 1930இல் அவரே தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆயின் அதற்குள் 1924இல் குடியேற்றத்தைக் குறுக்கும் சட்டம் நிறைவேறி, ஆசியரும் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரும் வாயிலில் தடுக்கப்பட்டாயிற்று. அச்சட்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. உளவியலை மட்டும் பழிப்பது நேர்மையன்று. ஆயினும் ‘இவன் எதற்குப் பயன்படுவான்?’ என்னும் தராசில் மனிதனையே ஏற்றியபின் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

ஜேம்ஸையும் டூயியையும் நான் இதற்குக் குற்றவாளிகளாக்கவில்லை. மாணவர் செய்த தவறுக்கு ஆசிரியரைத் தண்டிப்பது நீதியன்று. அவர்கள் நல்லோர். அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடத்தைத்தான் சுட்டுகிறேன்.

ஜேம்ஸ் கண்ட எல்லை

அந்த வெற்றிடத்தை ஜேம்ஸ் உணர்ந்தே இருந்தார். பழக்கத்தைப் பற்றிய புகழ்பெற்ற அத்தியாயத்தில் அவர் கூறும் அறிவுரைகளுள் ஒன்று வியப்பானது. நாள்தோறும் தேவையே இல்லாத, செய்ய விருப்பமும் இல்லாத ஒரு சிறு அருஞ்செயலைச் செய்துவா என்கிறார். பயனைப் பேச வந்தவர் பயனற்றதைச் செய்யச் சொல்கிறார்! அதற்கும் பின்னர் ஒரு பயன் காட்டிவிடுகிறார்; சோதனை வரும் நாளில் கைகொடுக்கும் காப்பீடு என்று. எனினும் பயனை நாடாத செயலே மனிதனை வலுவாக்குகிறது என்னும் உண்மை அவர் பேனாவிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

1901இலும் 1902இலும் எடின்பரோ நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1902இல் ‘சமய அனுபவத்தின் வகைகள்’ என நூலாயின. ஞானிகளின் அனுபவத்தை ஈரலின் கோளாறு, நரம்பின் கோளாறு என்று தள்ளிவிடும் போக்கை அந்நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார். உட்காட்சி பெற்றோரைப் பற்றிப் பேசும் பகுதியில், கிறிஸ்தவ உலகம் ஸூஃபிகளை அறியவில்லை என்று கூறி, ஒரு முஸ்லிம் பேரறிஞரின் தன்வரலாற்றை நீண்ட மேற்கோளாக எடுத்து வைத்தார். அந்தப் பேரறிஞர் வேறெவருமல்லர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே. நூல் ‘அல்முன்கித் மினள் ளலால்’. ஜேம்ஸுக்கு அரபி தெரியாது. 1842இல், அவர் பிறந்த அதே ஆண்டில், ஷ்மோல்டர்ஸ் என்பவர் பாரிஸில் வெளியிட்ட பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாகப் படித்தார்.

ஜேம்ஸ் ஏன் அங்கே போய் நின்றார்? 1870ஆம் ஆண்டையொட்டி அவர் கொடிய மனச்சோர்வில் வீழ்ந்து, தன் விருப்பாற்றல் உண்மை என்று நம்பத் துணிந்து அதிலிருந்து மீண்டவர். கஸ்ஸாலி (ரஹ்) அவர்களோ 1095இல், புகழின் உச்சியில், உலகப் பற்றுக்கும் மறுமை நாட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆறு திங்கள் ஊசலாடி, நா கட்டுண்டு பாடம் நடத்த இயலாமற் போய், பதவியைத் துறந்து வெளியேறியவர்கள். புகழ், பதவி, செல்வம், மாணவர் கூட்டம் எனப் பயன்கள் எல்லாம் கைவந்தபின், ‘இவை எதற்கு?’ என்னும் கேள்வி எழுந்து குரல்வளையை நெரித்தது அவர்களை. பொருத்தப்பாடு முழுமை பெற்ற இடத்தில்தான் அந்த நோய் பிறந்தது. இதற்குச் செயற்பாட்டுக் கொள்கை என்ன விளக்கம் தரும்?

பிரெஞ்சுப் பெயர்ப்பின் வழியே ஓர் அமெரிக்கர் நம் இமாமை நாடி வந்தார். அந்த அமெரிக்கரின் நூலை நாம் எத்தனை பேர் நாடிச் சென்றோம்? அது கிடக்கட்டும், அந்த இமாமின் நூலையாவது மேற்கோளுக்காக அன்றி வாழ்வுக்காகப் படித்தோமா?

இல்லத்தும் ஹிக்மத்தும்

மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம்.

உஸூலுல் ஃபிக்ஹில் ‘இல்லத்’ என்றும் ‘ஹிக்மத்’ என்றும் இரண்டைப் பிரித்துக் காட்டுவர். சட்டம் எதன் மீது நிற்கிறதோ அது இல்லத். சட்டத்தால் விளையும் நன்மை ஹிக்மத். பயணி தொழுகையைச் சுருக்கித் தொழுகிறார். இதன் ஹிக்மத் துன்பத்தைக் குறைப்பது. இல்லத்தோ பயணம். ஆகவே குளிரூட்டிய வண்டியில் துயின்றுகொண்டே போகிறவருக்கும் அந்தச் சலுகை உண்டு. வெயிலில் மூட்டை சுமக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கு அது இல்லை. துன்பமே இல்லத் என்று கொண்டால் சட்டம் ஒரே நாளில் தலைகீழாகிவிடும். தொழுகை நம்மீது கடமையாயிருப்பது அல்லாஹ் ஏவினான் என்பதால். நாம் அடியார் என்பதால். முதுகெலும்பு நேராவதும் மனம் அமைதியுறுவதும் வந்தால் வரட்டும். அவை ஹிக்மத்தின் ஓரத்தில் ஒட்டியவை. நம் மேடைகள் ஹிக்மத்தை எடுத்து இல்லத்தின் நாற்காலியில் அமர்த்திவிட்டன. பயன் வேறு வழியில் கிடைத்தவுடன் கடமையும் விழுந்துவிடும் என்று அந்த மாணவர் முடிவு கட்டியது இந்த மயக்கத்தின் நேர்விளைவு.

இன்னொன்று. மருத்துவர் சொல்லுக்காக வைகறை முதல் அந்தி வரை உண்ணாமல் இருந்தவர் நோன்பு நோற்றவராவாரா? ஆகார் என்பது மதரஸாவின் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். நிய்யத் இல்லை. வெக்கை தணிய முகமும் கைகால்களும் கழுவியவருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஒளுக் கூடியதில்லை. அங்கும் நிய்யத் இல்லை. பட்டினி அதே பட்டினி, நீர் அதே நீர், உடலுக்கு விளைந்த நன்மை அணுவளவும் வேறுபாடின்றி அதே நன்மை. ஆயினும் ஒன்று இபாதத், மற்றொன்று வழக்கம். பயனைக் கொண்டு நிறுக்கும் தராசில் இரண்டும் ஒரே எடை. எந்தத் தராசு இபாதத்தையும் வழக்கத்தையும் பிரித்துக் காட்டவில்லையோ, அந்தத் தராசைக் கொண்டு இபாதத்துக்கு வாதாடப் புறப்படுவது எத்தகைய பேதைமை! ‘செயலின் தூண்டுதலையும் நாங்கள் கணக்கில் எடுத்தோமே’ என்று காரின் மாணவர் கூறலாம். எடுத்தனர், பசி, தாகம் போல நிறைவு செய்தால் தீர்ந்துபோகும் குறையாக எடுத்தனர். ‘யாருக்காக’ என்பது குறையன்று. முகம் திரும்பும் திசை.

என்னை மறுப்போர் வலுவான வாதம் ஒன்று வைத்திருக்கின்றனர். ‘தொழுகை மானக்கேட்டைத் தடுக்கும் என்றும், நோன்பு இறையச்சத்துக்காக என்றும் திருமறையே பயன் கூறவில்லையா? ஷரீஅத்தின் நோக்கங்களை ஐந்தாகத் தொகுத்து, மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் எனக் காட்டியவர்களும் இதே கஸ்ஸாலி (ரஹ்) அல்லவா?’ என்பர். ஆம். மார்க்கம் பயனற்றது என்று நான் கூறவில்லை, கூறுவோன் அறிவிலி. ஆனால் திருமறை காட்டும் பயன் எத்தகையது என்று நோக்குங்கள். இறையச்சமும் தூய ஒழுக்கமும் அல்லாஹ்வை நோக்கித் திரும்பிய உள்ளத்தில் மட்டுமே விளைபவை. அவற்றை உடற்பயிற்சிக் கூடத்தில் வேறு வழியாகப் பெற்றுக்கொள்ள முடியாது. ஐந்து நோக்கங்களின் வரிசையிலும் முதலில் நிற்பது மார்க்கம். உயிர் அதற்கடுத்தே வருகிறது. நம் பேச்சாளரோ வரிசையைக் கவிழ்த்து, மார்க்கத்தை உயிருக்கும் உடலுக்கும் ஊழியம் செய்ய அனுப்பிவிட்டனர்.

‘இளைஞரை ஈர்க்க இது ஒரு வாயில், உள்ளே வந்தபின் உயர்ந்ததைச் சொல்வோம்’ என்று சிலர் சமாதானம் கூறுவர். வாயிலில் ஒரு விலையைச் சொல்லி அழைத்துவிட்டு, உள்ளே வேறு விலை கேட்டால் வந்தவர் நம்மை என்னவென்று நினைப்பார்? மேலும் மருத்துவக் கருத்துகள் மாறுபவை. இன்று ஒரு ஆராய்ச்சியைக் காட்டி நோன்பை நிறுவினால், நாளை மற்றோர் ஆராய்ச்சி அதை மறுக்கும்போது, ஈமானும் ஆடும். மாறாததை மாறுவதன்மேல் கட்டலாமா?

ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவன் வழியில் ஒட்டகத்துக்குத் தீனி தேடுவதிலும் அதைக் குளிப்பாட்டி அலங்கரிப்பதிலுமே காலம் போக்க, காஃபிலா அவனை விட்டுச் சென்றுவிட்டது என்றோர் உவமையைக் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் காட்டுவார்கள். ஒட்டகத்துக்குத் தீனி வேண்டாமா? வேண்டும். அதன் நோயறிந்து மருந்திட வேண்டாமா? வேண்டும். செயற்பாட்டு உளவியல் ஒட்டகத்தின் இயல்பை நன்கு ஆராய்ந்த நூல். அதைப் பயில்வோம், நன்றியோடு பயில்வோம். ஆனால் கஅபா எதற்கு என்று கேட்டால், ஒட்டகம் நடைபழக என்று விடை சொல்லாதிருப்போம்.

அந்த மாணவரிடம் நான் கூறியது இதுதான்: “தம்பி, நீங்கள் சொல்லும் பயனுக்காக எனில் நீங்கள் தொழ வேண்டியதில்லை; உடற்பயிற்சிக் கூடமே போதும், அதை விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் அந்த உடலும் அந்த அமைதியும் எதற்காக என்று ஒரு நாள் உங்கள் உள்ளம் கேட்கும். அப்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்புவீர்கள் என்பதுதான் தொழுகை.” அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்னர், “இதை ஏன் ஹஜ்ரத் மேடையில் சொல்வதில்லை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் அவரல்லர். மிம்பரில் ஏறும் நாம்.